கடை என் பெயரில், பின்கதவு யார் பெயரில்?

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஐந்து பேரை. பெற்றது மூன்று, தாயை இழந்து வந்த கொழுந்தன் பிள்ளைகள் இரண்டு. ஐந்து பேரையும் ஒரு ஜவுளிக்கடையை வைத்துத்தான் ஆளாக்கினேன். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மிச்சத் தமிழ் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்து வந்தது. அதனால் இதை எழுதப் பதினொரு நாள் ஆகிவிட்டது. சொல்ல வேண்டிய விஷயம் அவசரமானதுதான். என் கை இந்த வேகத்தில்தான் போகும்.

மெல்பர்னில் என் மகள் கோமதி ஒரு சின்னப் புடவைக் கடை வைத்திருக்கிறாள். பகலில் நான் அங்கே உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைப்பேன். போன மாதம் ஒரு நாள், மஞ்சள் சட்டை போட்ட நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். கோமதி முன்பக்கம் ஆளோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் நேராகப் பின்பக்கம் வந்து, அங்கே நான் அடுக்கியிருந்த புடவைப் பெட்டிகளைக் காட்டினார், என்னைக் காட்டினார், பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினார். ஆபீசர் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீட்டிய கைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். ஒரு நல்ல சட்டைத்துணியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். சூடு பட்டவர் போல அவர் பின்னால் போனார். "நோ, நோ, மேடம்" என்றார். கோமதி ஓடிவந்தாள். "ஏம்மா, மானத்தை வாங்குறியே! பெட்டியை நகத்தச் சொல்றாரும்மா. கதவை மறைக்குதாம்." நான் விடவில்லை. "நம்ம பெட்டி, நம்ம கடை. இவருக்கு என்னவாம்?" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். பிறகு அவரே குனிந்து நான்கு பெட்டிகளையும் தூக்கி ஓரமாக வைத்தார். கதவின் குறுக்கே இருந்த கம்பியை இடுப்பால் தள்ளித் திறந்து வெளியே போனார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகத் திரும்பி வந்தார். ஒரு ஆபீசர் கதவு வழியாக நடந்து பார்த்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் கடை திருச்சியில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. நிமிர்ந்தால் மலைக்கோட்டை, குனிந்தால் செருப்புக் குவியல், இரண்டுக்கும் நடுவில் ஜனம். வீடு ஸ்ரீரங்கத்தில், மூலத்தோப்புப் பக்கம். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஆற்றைத் தாண்டிக் கடைக்கு வருவேன். என் வீட்டுக்காரர் ஏதோ கணக்குப் பண்ணி என் பெயரில்தான் கடையைப் பதிவு செய்திருந்தார். அவர் போன பிறகு பெயருக்கு ஏற்ற மாதிரி நானே முதலாளியானேன். கீழே ரெடிமேட், மாடியில் புடவை, பதினான்கு பெண்கள் வேலை. மாடியிலிருந்து பின்பக்கம் இறங்க ஒரு ஒடுக்கமான படியும், அதன் அடியில் ஒரு மரக்கதவும் உண்டு. சாயங்காலம் முன்வாசலில் விளக்கு ஏற்றும்போது பின்கதவைச் சாத்திவிட வேண்டும், இல்லையென்றால் முன்னால் வரும் லட்சுமி பின்னால் போய்விடுவாள். எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். வீட்டில் சாத்துவோம், விளக்கு ஏற்றியதும் திறந்துவிடுவோம். கடையில் சரக்கு இருக்கிறதே என்று நான் பூட்டவும் செய்தேன். பூட்டியதைத் திறக்க மறந்து, பிறகு மறக்கிறோம் என்பதே மறந்து, சாவி என் இடுப்போடு தங்கிவிட்டது. படியில் பண்டல்கள் ஏறிவிட்டன.

ஒரு நாள் சோதனைக்கு ஒரு ஆபீசர் வந்தாள். சின்ன வயதுப் பெண். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பின்கதவு முன்னால் நின்றாள்.

"இது ஏம்மா பூட்டியிருக்கு?"

"விளக்கு வைக்கிற நேரம்மா. தொறந்தா லட்சுமி போயிருவா."

"லட்சுமி போனா நாளைக்குத் திரும்பி வருவாம்மா. இந்தப் பொண்ணுங்க வெளிய போக வழி வேணும்ல?"

"உங்க ஆபீசுக்குப் பின்வாசல் இருக்கா? மொதல்ல அதப் போய்ப் பாரு தாயி. எங்க துணி, எங்க கதவு, எங்க பூட்டு. நடுவுல அரசாங்கத்துக்கு என்ன சோலி?"

கடையே சிரித்தது. அவள் முகம் சிவந்து, பத்து நாள் கெடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். சந்தில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். அது வெறும் திமிர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீட்டர் கோலுக்கு முத்திரை இல்லை என்று ஒருவர் வருவார். பெயர்ப்பலகை எழுத்து சின்னது என்று இன்னொருவர் வருவார். எல்லோரும் வருவது தீபாவளிக்கு முந்தின வாரம்தான். யாருக்கும் கோலும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம், வேட்டியும் புடவையும் போதும். இருபது வருடம் இப்படிப் பார்த்தவளுக்கு, உண்மையாகவே ஒரு கதவுக்காக ஒருத்தி வந்தாள் என்று எப்படித் தெரியும்? கெடு முடிவதற்குள் ஆளைப் பிடித்துச் சரிக்கட்டினோம். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு நாள் பண்டல்களை இறக்கி, கதவைத் திறந்து, போட்டோ எடுத்து, "பின்வழி உண்டு" என்று அச்சடித்த தாளில் நான் கையெழுத்துப் போடுவேன். போட்டோ எடுத்ததும் பூட்டிவிடுவோம். புடவைப் பிரிவில் செல்வி என்று ஒருத்தி இருந்தாள், வாய்க்காரி. அந்த நாள் வந்தால் மற்றப் பெண்களைக் கூப்பிடுவாள். "ஏய், நம்ம கடையில இன்னிக்கு சொர்க்கவாசல் தொறப்புடி! எல்லாரும் ஒருதரம் போயிட்டு வந்துருங்க. அப்புறம் அடுத்த வருசந்தான்." ஸ்ரீரங்கத்துக்காரியான நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சொர்க்கவாசல் யாருக்காகத் திறக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு தீபாவளி சமயம். கூட்டம் நெரிகிறது. பூஜைக்குப் பூவும் வாழைக்கன்றும் வாங்க நான் காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது சந்து முனையிலேயே வாடை தெரிந்தது. ரப்பர் கருகுகிற வாடை. முன்படிக்கு அடியில் வைத்திருந்த இன்வெர்ட்டர் புகைந்திருக்கிறது. நெருப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, புகைதான். ஆனால் அந்தப் புகைக்கு மேலே போக ஒரே வழி படிக்கட்டு. மாடியில் வாடிக்கையாளர்களும் வேலைக்காரப் பெண்களும். பின்படியில் பண்டல்களின் மேல் ஏறி இறங்கி, பூட்டிய கதவை உள்ளிருந்து தட்டியிருக்கிறார்கள். சாவி காந்தி மார்க்கெட்டில் என் இடுப்பில் இருந்தது. பக்கத்துக் கடை லோடுமேன்கள் ஈரச்சாக்கைப் போட்டுக்கொண்டு முன்படியில் ஏறி ஒவ்வொருவராக இழுத்து வந்தார்கள். கடைசியாக வந்தவள் செல்வி. மற்றவர்களை முன்னால் தள்ளிவிட்டு நின்றிருக்கிறாள். உயிர்ச்சேதம் இல்லை. செல்விக்குக் குரல் மட்டும் போய்விட்டது. அதன் பிறகு அவள் பேசினால் காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாளியம்மாவை யார் கேட்பது? கண் பட்டுவிட்டது என்றார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். கதவை அன்றும் பூட்டித்தான் வீட்டுக்குப் போனேன். இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் அப்படித்தான் செய்தேன்.

பிறகு என் மகன் செந்தில் கடையைப் பார்த்துக்கொண்டான், நான் கோமதியிடம் வந்துவிட்டேன். இங்கே வந்த புதிதில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எதற்கெடுத்தாலும் சட்டம். நான் சுட்ட முறுக்கைக் கடையில் வைத்து விற்கக்கூடாதாம், அடுப்படியைப் பதிவு செய்ய வேண்டுமாம். ஐந்து பிள்ளைகள் தின்று வளர்ந்த முறுக்கு! சாமிப் படத்துக்குக் கற்பூரம் காட்டினால் மேலே ஒரு பெட்டி ஊளையிடுகிறது. அது அதிகம்தான் என்று இன்றும் சொல்வேன். என்ன விற்பது, யாரிடம் வாங்குவது, எத்தனை மணிக்குத் திறப்பது என்பதில் எல்லாம் அரசாங்கம் மூக்கை நுழைத்தால் பிழைக்கிறவன் பிழைக்க முடியாது. ஆனால் அந்த வெள்ளைக்காரர் போன பிறகு, அவர் தள்ளிய கம்பியை நானும் தள்ளிப் பார்த்தேன். வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாத கதவு உள்ளிருந்து குழந்தை தள்ளினாலும் திறக்கிறது. சரக்கும் பத்திரம், லட்சுமியும் பத்திரம், ஆளும் பத்திரம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா அந்த ஆபீசர் பெண்ணைக் கதவு முன்னால் நிற்க வைத்துப் பேசினேன்?

அந்த வாரமே செந்தில் வீடியோவில் வந்தான். கடைக்கு மேலே மூன்றாம் மாடி வரை எடுத்திருக்கிறான், அதைக் காட்டினான். எங்கே பார்த்தாலும் கண்ணாடி, பட்டுப்புடவை, ஏசி. செல்வி அங்கே புடவை மடித்துக்கொண்டிருந்தாள். செந்திலை யாரோ கூப்பிட, போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

"நல்லாயிருக்கீங்களாம்மா?" என்றாள் அந்தக் கிழிந்த குரலில்.

"இருக்கேன்டி. கடை பெருசாயிருச்சு போல."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "பின்பக்கம் சுவரு வச்சு அடைச்சாச்சும்மா. படியையும் இடிச்சாச்சு. நைருதி மூலையில கதவு ஆகாதுன்னு வாஸ்துக்காரரு சொன்னாராம். ஏசி போட்டதுல ஜன்னலும் இல்ல. தீபாவளிக்கு இன்னும் இருபது பேரைச் சேத்திருக்காங்க. எல்லாம் சின்னப் பிள்ளைங்க." போனை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள். "இப்ப சொர்க்கவாசல்கூட இல்லம்மா" என்றாள். இந்தத் தடவை அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து கூரியரில் ஒரு தாள் வந்தது. உரிமம் புதுப்பிக்க. கடை இன்னும் என் பெயரில்தான், அதனால் என் கையெழுத்து வேண்டும். "பின்புற அவசர வழி உண்டா?" என்ற இடத்தில் "உண்டு" என்று செந்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தான். நான் அதற்கு மேல் மையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போன் போட்டேன்.

"கதவு எங்கடா இருக்கு?"

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. வருசா வருசம் நீங்க போட்டதுதானே."

"அப்ப பூட்டுன கதவாவது இருந்துச்சு. இப்ப சுவருதான் இருக்கு. இடிச்சு வழி விடு. அப்புறம் போடுறேன்."

"சீசன் முடியட்டும், பாக்கலாம். இப்ப இடிச்சா மூணாம் மாடியை மூடணும்மா." பிறகு அவனே கேட்டான். "எங்க கதவு, எங்க பூட்டு, அரசாங்கத்துக்கு என்ன சோலின்னு கேட்டது யாரு? நான் அப்ப கல்லாப்பெட்டி பக்கத்துலதாம்மா நின்னுக்கிட்டு இருந்தேன்."

அவன் வம்புக்குச் சொல்லவில்லை. கற்றதைச் சொன்னான். நான் ஐந்து பேரை வளர்த்தேன் என்று இத்தனை நேரம் பெருமையாக எழுதிக்கொண்டு வந்தேனே, வளர்த்தது இதையும்தான்.

அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வெறும் வாயால் சொன்னால் கேட்கிற பிள்ளையாக நான் அவனை வளர்க்கவில்லை. என்னையும் யாரும் அப்படி வளர்க்கவில்லை. ஒரு கடைக்காரனை அவன் தாயாலேயே தடுக்க முடியவில்லை என்றால், வேறு ஒருவர் வந்து தடுக்கத்தான் வேண்டும். எவ்வளவு தூரம் வரலாம் என்று கேட்டால், என் அறிவுக்கு எட்டியது இவ்வளவுதான். துணி என்னுடையது, விலை என்னுடையது, லாபமும் நஷ்டமும் என்னுடையது. உள்ளே வந்தவர்கள் உயிரோடு வெளியே போகிற வழி மட்டும் என்னுடையது இல்லை. அதைப் பூட்ட எனக்கு உரிமை இருந்ததே இல்லை. வேட்டி வாங்க வருகிற ஆபீசர் வேண்டாம். கதவு வழியாக நடந்து பார்க்கிற ஆபீசர் வேண்டும்.

நேற்று அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, மையால், பெரிய எழுத்தில் "இல்லை" என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். செந்திலுக்கு அனுப்பினால் கிழித்துவிடுவான். அதனால் நேராக உரிமம் கொடுக்கிற ஆபீசுக்கே தபாலில் போகிறது. இந்தக் கட்டுரை இங்கே நம் தமிழ்ச் சங்கத்து மலருக்குப் போகிறது. தாளை யாராவது ஓரமாக வைத்துவிட்டால், இதைப் படிக்கிற திருச்சிக்காரர் ஒருவராவது போய்க் கேளுங்கள். இனி ஊருக்குப் போனால் மூலத்தோப்பு வீட்டில் எனக்குக் கதவு திறப்பார்களா என்று தெரியாது. தபால் தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேருமா என்பதும் தெரியாது.

இப்போது இங்கே மாலை நான்கு மணி, அங்கே காலை பத்தரை. அந்தப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே படியில் ஏறிக்கொண்டிருப்பார்கள். நான் இங்கே திறந்த ஜன்னல் பக்கத்தில் குளிர்காற்றில் உட்கார்ந்திருக்கிறேன். என் மூச்சு மட்டும் அந்த மூன்றாம் மாடியில் நிற்கிறது. பேத்தி இப்போதுதான் ஸ்கூலிலிருந்து வந்திருக்கிறாள்.

"ரம்யா, பையை வச்சிட்டு இங்க வா கண்ணு. இந்த நோட்டை மொதல்லேருந்து படிச்சுக் காட்டு. நிதானமாப் படி. உங்க மாமா வர்ற எடத்துல மட்டும் குரலைக் கொறைச்சிராத."