ஃபிர்மேன் பெய்ரிஷூவின் வாக்குச் சீட்டு

பிரான்ஸின் லா ரோஷ்வேர் கிராமத்தில் நாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஊராட்சி மன்றத்தில் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் ஊரைப் பார்த்துக்கொண்டார்கள். உலகத்தை ஃபிர்மேன் பெய்ரிஷூ பார்த்துக்கொண்டார்.

தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சாக்கடை, தெருவிளக்கு, கல்லறைத் தோட்டத்துக் கதவு எல்லாம் முடிந்து, மன்றத்தின் எழுத்தரான நான் 'இதர விஷயங்கள்' என்று வாசித்ததும் தொண்டையைச் செருமுவார். இருபத்தாறு வருடத்தில் அணுகுண்டுச் சோதனையைக் கண்டித்திருக்கிறோம். எங்கோ ஒரு தீவுக்காகச் சண்டையிட்ட இரண்டு நாடுகளை நிதானம் காக்கச் சொல்லியிருக்கிறோம். எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் பசி. பதிவுத் தபாலில் அனுப்புவோம். பதில் வந்ததில்லை.

"மனித உரிமைய எழுதிக் குடுத்தது யாரு? நாம! எழுதினவனே வாயப் பொத்திக்கிட்டா மத்தவன் என்ன பண்ணுவான்?" என்பார்.

அதே ஃபிர்மேன், மூன்று கிலோமீட்டரில் இருக்கும் பக்கத்து ஊரான வில்மோரில் கால் வைத்துப் பதினெட்டு வருடமாகிறது. எங்கள் திருவிழா நாளிலேயே அவர்களும் திருவிழா வைத்தார்களாம். நாடுகளுக்கு எல்லையே கூடாது என்பவர், வில்மோர் சாலையில் எங்கள் ஊர்ப் பலகை சாய்ந்தால் முதல் ஆளாகப் போய் நிமிர்த்துவார்.

போன அக்டோபரில் வந்தது சோதனை. வில்மோரும் நாங்களும் ஒரே ஊராட்சியாக இணைந்தால் எங்கள் பள்ளிக்கூடம் பிழைக்கும். இல்லாவிட்டால் பூட்டிவிடுவார்கள். மேயர் கிஸ்லேன் தார்னோவோடு சேர்த்து ஐந்து பேர் இணையலாம் என்றார்கள். மாட்டுப் பண்ணைக்கார எமே தலைமையில் ஐந்து பேர் செத்தாலும் முடியாது என்றார்கள். மிச்சம் ஃபிர்மேன்.

"தென் அமெரிக்காவே ஒண்ணா சேரணும்னு தீர்மானம் போட்டீங்களே, ஃபிர்மேன். நான்தானே கையெழுத்து வச்சேன்?" என்றார் மேயர்.

"அது வேற, மேயரம்மா."

"என்ன வேற?"

"அவங்க யாரும் நம்ம திருவிழா அன்னிக்குத் திருவிழா வைக்கல."

"பதினாலு புள்ளைங்க, ஃபிர்மேன்."

ஃபிர்மேன் தொண்டையைச் செருமினார். பிறகு ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்றார். "என் மனசாட்சிய யாரும் வேடிக்கை பார்க்க வேணாம்." எமேயும் அவர் ஆட்கள் நால்வரும் உடனே சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு விதி தெரியும். கை தூக்கி வாக்களித்துச் சமமாக வந்தால் மேயரின் பக்கம் வெல்லும். ரகசிய வாக்கெடுப்பில் சமமென்றால் தீர்மானம் செத்தது.

பத்துப் பேர் பத்து நொடியில் எழுதினார்கள். ஃபிர்மேனுக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று; நடுவில் இன்னொரு தாள் கேட்டார்.

ஆம் ஐந்து. இல்லை ஐந்து. கடைசிச் சீட்டைப் பிரித்த மேயர் கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் நீட்டினார். 'பிரான்ஸ் தேசம் உலகுக்கு ஆற்ற வேண்டிய கடமையைக் கருதியும், மக்கள் ஒன்றுபடும் உரிமையைக் கருதியும், வில்மோர்காரர்களின் நடத்தையை மறவாமலும்' என்று இரண்டு பக்கம் ஓடி, அடியில் 'கனத்த இதயத்தோடு, ஆம்' என்று முடிந்திருந்தது.

ஆம், இல்லை தவிர வேறு ஒரு சொல் இருந்தாலும் சீட்டு செல்லாது. செல்லாத சீட்டை வாசித்துக் காட்டவும் வழியில்லை. தீர்மானம் தோற்றது.

"ஜனவரியில திரும்ப எடுக்கலாம். பள்ளிக்கூடத்து முடிவு அதுக்கப்புறம்தான்," என்று வாசலில் அவரை மறித்துச் சொன்னார் மேயர். "ஒரே ஒரு வார்த்தை, ஃபிர்மேன். காரணம் யாரும் கேக்கல."

"காரணம் சொல்லாம ஒரு தேசம் முடிவெடுக்குமா?"

"நீங்க தேசம் இல்லைங்க. ஒரு ஓட்டு."

ஒயினும் விற்கும் காபிக் கடைக்குள் ஃபிர்மேன் நுழைந்ததும் எமே அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"என்ன மூளைய்யா உங்களுக்கு! செல்லாத ஓட்டப் போட்டே கவுத்துட்டீங்களே!"

"நான் ஆம்னுதான்யா எழுதினேன்."

"ஆமா, ஆமா. வெளிய அப்படியே சொல்லுங்க," என்று கண்ணடித்தார் எமே. கடையே சிரித்தது. ஃபிர்மேன் நான்கு முறை மறுத்தார். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு கோப்பை ஒயின் வந்தது.

ஜனவரியில் மறுபடியும் ரகசிய வாக்கெடுப்பு; ஃபிர்மேன் ஒரே சொல் எழுதினார். எழுதும்போது நெற்றியில் வேர்த்தது. ஆறுக்கு ஐந்து, பள்ளிக்கூடம் பிழைத்தது. அன்றிலிருந்து எமே, துரோகி யாரென்று தன் ஆட்கள் நால்வரையும் சந்தேகிக்கிறார். ஃபிர்மேனை மட்டும் சந்தேகிப்பதில்லை.