பலா மரத்துக்குக் கீழே நட்ட கல்

வடக்கனந்தலில் பிறந்த எனக்கு முதல் வேலை கல்வராயன் மலைச்சரிவில், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். தினமும் போய்வர பஸ் கிடையாது. பள்ளிக்குப் பக்கத்து வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். புருஷன், பெண்டாட்டி இருவர் மட்டும் இருந்த வீடு. அவர்களை அண்ணன், அக்கா என்று கூப்பிடுவேன். அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் முதலில் வருவது பலாப்பழ வாசனைதான்.

வீட்டுக்குப் பின்னால் மேடு. அதன் நடுவில் எண் வெட்டிய ஒரு கல். கல்லுக்கு மேல்பக்கச் சரிவில் பலா மரம். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரை குதிரையில் வந்ததையும், ஆட்கள் சங்கிலி இழுத்து அளந்ததையும் அண்ணன் தன் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறார்.

"சண்டையும் இல்ல, சத்தமும் இல்ல டீச்சர். கல்ல நட்டாங்க, மேல இருக்கறது சர்க்கார் காடுன்னுட்டாங்க. மரம் எங்க தாத்தா வச்சது."

துரைகள் போய் எத்தனையோ காலமாகியும் அந்தக் கல் சொன்னதுதான் சட்டம். ஆனாலும் வனத்துறைக் காவலர்களான கார்டுகள் கண்டும் காணாமல் இருந்ததால் பழம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு கோடையில் புதிதாக ஒரு கார்டு வந்தார். "கல்லுக்கு மேல கை வச்சா கேஸுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அக்கா மட்டும், "வுடு, பழுத்தா தானா வரும்" என்றாள். வேறு வழியில்லாமல் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

பழங்கள் பழுத்தன. வீடு முழுக்க வாசனை, யாரும் தொடவில்லை. ஒரு மத்தியானம் தொப்பென்று சத்தம் கேட்டது. பெரிய பழம் ஒன்று மேட்டில் உருண்டு, கல்லைத் தாண்டி, ஆட்டுப்பட்டி ஓரமாக வந்து பிளந்து கிடந்தது. சத்தம் கேட்டு, அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த கார்டும் வந்துவிட்டார்.

அக்கா நிதானமாகக் கேட்டாள்: "கல்லுக்கு இந்தப் பக்கம் கெடக்கறது யாருதுங்க?"

அவர் மேட்டைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "உங்களுதுதான்" என்றார்.

அக்கா கையில் எண்ணெய் தடவிச் சுளை எடுத்து, முதலில் அவருக்குத்தான் கொடுத்தாள். அவர் பட்டிக் கழியில் சாய்ந்துகொண்டு, கொட்டையைக்கூடக் கீழே போடாமல் சட்டைப்பையில் சேர்த்தபடி தின்றார். அண்ணனுக்கு அன்றுதான் சிரிப்பு வந்தது. அதன்பிறகு அந்த மரத்தைப் பற்றிக் கார்டு பேசவே இல்லை.

எனக்குச் சங்கராபுரத்துக்கு மாற்றல் வந்தது. பல வருஷம் கழித்து, புது வன உரிமைச் சட்டத்தில் அந்த மேட்டு நிலத்துக்கு உரிமை கிடைத்ததாக அக்கா போன் செய்தாள். அண்ணன் அப்போது உயிரோடு இல்லை.

"சாமை அரிசிச் சோறு ஆக்கி வக்கிறேன், வாங்க டீச்சர்" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்கூட்டரில் மலையேறினேன்.