அம்மா ஓட்டிய கார்

எங்கள் தெருவில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே பெண் என் அம்மா. கற்றுக்கொடுத்தது அப்பாதான். எங்கள் ஊர் கணபதியில் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, தன் அண்ணன் பக்கத்தில் இல்லாதவரை.

தொண்ணூறுகளின் நடுவில், பெருந்துறையில் இருந்த என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். ஞாயிறுதோறும் அம்மா எங்கள் பழைய டீசல் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவாள். அவருக்குச் சவரம் செய்து, கஞ்சி ஊட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவோம்.

அப்படிப் போன ஒரு ஞாயிறு, அவிநாசி தாண்டியதும் எஞ்சினுக்குள் படபடவென்று ஏதோ அடித்தது. அடுத்த கணம் சத்தமே இல்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அம்மா இருந்த வேகத்திலேயே வண்டியை உருட்டிப் புளியமரத்தடியில் ஒதுக்கினாள். சாவியை ஒரே ஒரு தடவை திருகிப் பார்த்தாள். எஞ்சின் பாரமே இல்லாமல் விர்ரென்று சுற்றியது. கையை எடுத்துவிட்டாள்.

"இதுக்கு மேல முடுக்குனா இன்னும் கெட்டுப்போயிரும் அம்மணி" என்றாள் என்னிடம்.

பூத்திலிருந்து போன் செய்ததும் அப்பா வேறொரு வண்டியில் வந்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினார். அன்று அப்புச்சிக்குச் சவரம் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போனேன். அப்பா எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, வால்வுகள் உட்காரும் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றினார். தேங்கி நிற்க வேண்டியது அடிவழியாக ஒழுகிப் போயிற்று. ஒரு வால்வை உருவிக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினார். காம்பு வளைந்து, நொண்டி நொண்டி உருண்டது. பிஸ்டன்களின் தலையில் பிறை பிறையாகத் தழும்புகள்.

"பிஸ்டன் ஏறி வரும்போது வால்வு ஒதுங்கிக்கோணும் கண்ணு. அதப் பாத்துக்கறது இந்த டைமிங் பெல்ட்டு. இது அந்துபோனா ரெண்டும் மோதிக்கும்."

"எதனாலங்கப்பா அந்துச்சு?"

அறுந்த பெல்ட்டை என் கையில் கொடுத்தார். எண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்தது. பற்கள் பிய்ந்து போயிருந்தன.

"ஆயில் கசிஞ்சு இது மேலயே சொட்டிட்டு இருந்துச்சு. மாத்தோணும்னு நெனச்சுட்டேதான் இருந்தேன். அடுத்தவங்க வண்டியப் பாக்கறதுக்கே பொழுது போயிருது."

அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். காருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அம்மா காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

"கியரைத் தாறுமாறாப் போட்டு எஞ்சினை ஒடச்சுப்போட்டாளுங்கண்ணா" என்றார் அப்பா.

"பொம்பளை கையில சாவியக் குடுக்காதீன்னு நான் அன்னைக்கே சொல்லல?" என்று பெரியப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க பெரீப்பா, ஆயில் கசிஞ்சு பெல்ட்டு…" என்று ஆரம்பித்தேன். அப்பா தலை நிமிரவில்லை. என்னை அதட்டியது அம்மா.

"வாய மூடிட்டு உள்ள போ."

அவளுக்காகத்தான் பேசினேன். அவளே ஏன் சீறினாள் என்று புரியாமல் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

அப்பா நல்ல வேலைக்காரர். வால்வுகளைப் புதிதாகப் போட்டு, அரைத்து உட்காரவைத்து, ஆயில் கசிந்த ரப்பர் சீல் வளையத்தையும் மாற்றினார். பல்சக்கரங்களில் இருந்த டைமிங் குறிகளைச் சரிபார்த்துப் புதுப் பெல்ட்டு மாட்டியபோது வண்டி முன்னைவிட மெதுவாக உறுமியது. அடுத்த ஞாயிறு காலை சாவியை நீட்டினார்.

"ஓட்டிப் பாரு. ஜம்முனு இருக்குது."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

அதன்பிறகு அப்பாவுக்கு ஓய்வு கிடைத்த ஞாயிறுகளில் மட்டும் பெருந்துறை போனோம். அவை அதிகமில்லை. அப்புச்சி போய்ச் சேர்ந்தது அப்படிப் போகாத ஒரு வாரத்தில். எடுக்கப் போகும் நேரத்தில்தான் நாங்கள் போய் இறங்கினோம். முகத்தில் வெள்ளைத் தாடி மண்டிக் கிடந்தது. அம்மா அதைத் தடவிக்கொண்டே இருந்தாள், அழவில்லை.

நானோ அந்தக் காலமெல்லாம், இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவள் ஏன் தெரியாதென்று பொய் சொல்கிறாள் என்று அம்மாமீதுதான் கோபமாக இருந்தேன்.