எட்டு மாதக் கொயினா

போன வாரம் சின்னமனூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. நெடுநாள் வாசகர், நல்ல மனுஷர். "அம்மா, போன வருஷம் எட்டு மாதம் உங்கள் பத்தி ஒரே சிடுசிடு. பஸ் கண்டக்டரைத் திட்டினீர்கள், மழையைத் திட்டினீர்கள், ஒரு வாரம் முழுக்கச் சாம்பாரைத் திட்டினீர்கள். இப்போது மூன்று மாதமாக எழுத்தில் ஒரு சாந்தம் தெரிகிறது. நீங்கள்தான் எழுதுகிறீர்களா? வேறு யாரும் எழுதித் தருகிறார்களா?"

நான்தான் ஐயா எழுதுகிறேன். அந்த எட்டு மாதமும் நான்தான் எழுதினேன், தூங்காமல் எழுதினேன். என்ன நடந்தது என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். 'இதையெல்லாமா பத்திரிகையில் எழுதுவது' என்று சில பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. போடிமெட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் சீசனில் நாற்பது நாளுக்கு ஒரு எடுப்பு என்று காய் பறிப்பு நடக்கும், அதற்கு நான்தான் மலையேறுவேன். பறித்த காயைச் சூடேற்றி உலர்த்தும் அறைக்கு எங்கள் பக்கம் ஸ்டோர் என்று பேர். அதில் காய் பதமாகிவிட்டதா என்று கையில் அள்ளிக் குலுக்கிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இருபது வருஷமாக அந்தப் பதம் என் காதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரருக்கு அது வராது, அவருடைய தம்பிக்குச் சுத்தமாக வராது.

போன வருஷம் ஒரு நாள் காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பியது. கழுத்து, முகம், காது என்று ஏறி, உச்சந்தலை வரைக்கும் போய்விட்டது. முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. அடுத்த நிமிஷம் ரவிக்கை பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வேர்வை. அதற்கடுத்த நிமிஷம் — குளிர்!

சூடு, வேர்வை, குளிர். போடியில் பிறந்த யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்...

"மலைக் காய்ச்சல்தான்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "எனக்குத் தெரியாதா? மூணு தடவை படுத்து எந்திரிச்சவன். வாயத் தொற."

அன்றைக்கு ஆரம்பித்தது, மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை. அப்பப்பா, என்ன கசப்பு! மலைக்குப் போய் வருகிற வீடுகளில் உப்பு இல்லாமல் இருந்தாலும் இருக்கும், கொயினா டப்பா இல்லாமல் இருக்காது. விழுங்கினேன். சூடு நிற்கவில்லை. இன்னும் கொடுத்தார். மாத்திரை கூடக் கூடக் காதுக்குள் வண்டு ரீங்காரமிட்டது, சூடும் வந்துகொண்டே இருந்தது.

மலைக் காய்ச்சல் முறை வைத்து வரும். ஒருநாள் விட்டு ஒருநாள், சொன்ன நேரத்துக்கு வரும். என்னுடையது ஒரு நாளைக்கு ஆறு தடவை வந்தது. எங்கள் வீட்டுக்காரர் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துப் பார்த்தார். கணக்கு உதைத்தது. மனுஷர் அசரவில்லையே! "இது புது மாதிரிக் காய்ச்சல்" என்று முடிவு கட்டிவிட்டார். கொசு மருந்து அடிக்கிறவர்களைக் கூப்பிட்டு வந்து வீட்டுக்கு இரண்டு தடவை டிடிடி அடித்தார். பல்லி செத்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தூக்கமா? அது எங்கேயோ போய்விட்டது. படுத்தால் ஒரு மணி நேரம். அப்புறம் நனைந்த தலையணையைத் திருப்பிப் போடுவதும், போர்வையை உதைப்பதும், மறுபடி இழுத்துப் போர்த்துவதுமாகப் பொழுது விடிந்துவிடும். விடிந்தால் எல்லார் மேலும் எரிந்து விழுவேன். சாம்பார் உட்பட.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். காய் எடுப்பு நெருங்கியபோது அவர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"இந்த வருசம் தம்பி மலைக்குப் போகட்டும். இனிமே ஒனக்கு மலை ஒத்துக்கிறாது. விட்டுரு."

இனிமேல்! இந்த வருஷம் மட்டுமல்ல, இனிமேலே இல்லையாம். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். தோட்டத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. ஆனால் அதில் எனக்கென்று இருந்த இடத்தை, என் நன்மைக்காகவே, அன்பாகவே எடுத்துவிட்டார்கள். அன்பாகச் செய்கிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

போட்டேன். "மதுரையில பெரிய டாக்டர்ட்ட காட்டுங்க. அவுக சொல்லட்டும். நான் கேட்டுக்கிர்றேன்."

மதுரை டாக்டர் ஒரு பெண்மணி. தலை நரைத்தவர், அதிகம் சிரிக்காதவர். எங்கள் வீட்டுக்காரர் கால் மணி நேரம் காய்ச்சல் புராணம் பாடினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை டிகிரி இருந்தது?" என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டுக்காரர் பையிலிருந்து புள்ளி வைத்த காலண்டரை எடுத்து நீட்டினார்.

"தெர்மாமீட்டர் வச்சுப் பார்க்கலையா? எட்டு மாசத்துல ஒரு தடவைகூடவா?"

"தொட்டாலே சுடுதுங்களே டாக்டர்..."

"தொட்டா இட்லிச் சட்டியும்தான் சுடும். அதுக்கும் கொயினா குடுப்பீங்களா?"

அந்த நேரம் பார்த்து எனக்கு நெஞ்சில் சூடு கிளம்பியது. "வந்திருச்சு டாக்டர்!" என்றேன், ஏதோ பஸ் வந்துவிட்ட மாதிரி. சட்டென்று தெர்மாமீட்டரை என் நாக்குக்கு அடியில் வைத்தார். முகம் தீயாய் எரிகிறது, வேர்வை கொட்டுகிறது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டரையைத் தாண்டவில்லை. விரலில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அதிலும் மலைக் காய்ச்சல் இல்லை.

எங்கள் வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாசாமாசம் வர்றது நின்னு எத்தனை நாளாச்சு?"

"பத்து மாசம் இருக்கும்."

எட்டு மாதமாக வீட்டில், தெருவில், மருந்துக்கடையில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. ஏன், நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லையே! நின்றதும் 'அப்பாடா, தொல்லை விட்டது' என்று மறந்துபோனேன். அதற்கும் இந்தச் சூட்டுக்கும், தூங்காத ராத்திரிகளுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் சொன்னார்கள்?

டாக்டர் சொன்னார். உடம்புக்குள் ஊறுகிற ஹார்மோன் என்ற ஒன்று இந்த வயதில் குறையுமாம். குறையும்போது சிலருக்கு உடம்பின் சூட்டுக் கணக்கு தடுமாறிப்போகுமாம். அந்த ஹார்மோனையே மாத்திரையாகக் கொடுக்கலாமாம்.

"ஆனா எல்லாருக்கும் தர்ற மாத்திரை இல்ல இது. மார்புல கட்டி கிட்டி இருந்தா தர மாட்டேன். உங்களை நல்லாப் பரிசோதிச்சுட்டேன். மூணு வாரம் சாப்பிடுங்க, ஒரு வாரம் நிறுத்துங்க. நடுவுல ரத்தம் பட்டா அன்னைக்கே கிளம்பி வாங்க. காலம் பூரா இல்ல, கொஞ்ச மாசந்தான். அப்புறம் குறைச்சுப் பார்ப்போம்."

"மலைக்குப் போகலாமா டாக்டர்?"

"மலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தாராளமாப் போங்க."

திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்காரர் பஸ் ஜன்னல் வழியாக ஆண்டிபட்டி வரைக்கும் மைல்கல் எண்ணிக்கொண்டு வந்தார். அப்புறம் மெதுவாக, "அம்புட்டுக் கொயினாவையும் வீணாத் தின்னுட்டியே" என்றார். மன்னிப்பை அவர் அப்படித்தான் கேட்பார். முப்பது வருஷப் பழக்கம், எனக்குப் புரியும்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் சூடு ஆறிலிருந்து இரண்டானது. ஒருநாள் கண்ணைத் திறந்தால் மணி எட்டு, முகத்தில் வெயில். பக்கத்தில் அவர் கையில் தெர்மாமீட்டரோடு நிற்கிறார். "என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்!" நான் தூங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

காய் எடுப்புக்கு மலையேறினேன். ஜீப்பில் முன்சீட்டு எனக்கு, தம்பி பின்னால். ஸ்டோரில் ஒரு பிடி காயை அள்ளிக் குலுக்கினேன். காதில் ரீங்காரம் இல்லை, விதைகளின் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. கண் கலங்கிவிட்டது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்குத்தான் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஸ்டோர் அலமாரியில் ஆட்களுக்குக் கொடுக்கிற கொயினா டப்பா இருந்தது. அதைப் பார்த்ததும் காமாயி ஞாபகம் வந்தது.

காமாயி தேவாரத்துக்காரி, என் வயதுதான். காய் பறிப்பதில் அவள் கைக்கு ஈடில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பறித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று உட்கார்ந்துவிடுவாள். முந்தானையால் விசிறிக்கொள்வாள். முகம் சிவந்திருக்கும், வேர்த்துக் கொட்டும். நான் என்ன செய்தேன்? கொயினா கொடுத்தேன். விழுங்குகிறாளா என்று எதிரிலேயே நின்று பார்த்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு, "ஒனக்கு மலை ஒத்துக்கிறல, காமாயி" என்று சொல்லி ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டேன். அதுவும் அன்பாகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தேவாரம் போனேன். வாசலில் கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன் — டாக்டர், தெர்மாமீட்டர், மாத்திரை எல்லாவற்றையும். கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு அது ஒண்ணரை வருசத்துல தானா நின்னுபோச்சும்மா. மாத்திரையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா காமாயி?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னேனேம்மா. இது காய்ச்ச இல்ல, வீட்டுக்கு விலக்கு நின்னதுல இருந்து இப்பிடித்தான் வருதுன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் 'பேசாம வாயத் தொற'ன்னீக."

சொல்லியிருக்கிறாள். எனக்கு ஞாபகமே இல்லை. மதுரைக்குப் போய்த் தெரிந்துகொண்டேனே, அந்த விஷயம் மூன்று வருஷத்துக்கு முன்பே என் தோட்டத்தில், என் எதிரில் நின்று பேசியிருக்கிறது. நான் மாத்திரையால் அதன் வாயை அடைத்திருக்கிறேன். என்னைக் கூட்டிப்போக மதுரை இருந்தது. அவளுக்கு நான் இருந்தேன்... அவ்வளவுதான் அவளுக்கு வாய்த்தது.

"மன்னிச்சுரு காமாயி. அடுத்த எடுப்புக்கு வர்றியா?"

"வர்றேன்" என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "இப்ப ஒறங்குறீகளாம்மா?" என்று கேட்டாள்.

நாளை மறுநாள் அடுத்த எடுப்புக்கு ஜீப்பு கிளம்புகிறது. கொயினா டப்பாவும் வருகிறது, மலையில் நிஜக் காய்ச்சலும் இருக்கிறதே. ஆனால் டப்பாவோடு சேர்த்து ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஜீப்பில் முன்சீட்டு இந்தத் தடவை காமாயிக்கு.