மாடிப்படிக்குக் கீழே குடித்தனம்

நாங்கள் குடியிருந்தது ஒரு மாடிப்படிக்குக் கீழே. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பழைய கடைவீடு. முன்பக்கம் மிளகாய் அரைக்கிற கடை. பின்பக்கமும் மாடியும் குடித்தனங்கள். பலகை அடித்து, சாக்குத் தொங்கவிட்டு, ஒரு அறையை நாலாக்கி விட்டிருந்தார்கள். அறை என்று சொல்லத் தகாத இடம் எங்களுடையது. அதனால்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது.

நுழைகிற இடத்தில் நான் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். கடைசியில் படுக்கத்தான் முடியும். அந்தக் கடைசியில் சின்னவள் படுப்பாள். அடுத்து மூத்தவன். அடுத்து என் சம்சாரம். என் கால் நடையில் நீட்டிக்கொண்டிருக்கும். மாடியில் இருந்த துறைமுகத்து ஆட்கள் அதைத் தாண்டித்தான் ஏற வேண்டும். சில நாள் மிதித்துவிடுவார்கள். “சாரிண்ணே” என்பார்கள். நான் கோபப்பட்டதில்லை. அவர்களுக்கும் அது ஒன்றுதான் வழி.

யாராவது படியேறினால் எங்கள் தலையில் மண் கொட்டும். சோற்றிலும் கொட்டும். என் சம்சாரம் கோதுமை மாவுப் பைகளைப் பிரித்துத் தைத்து, படிகளுக்கு அடியில் இழுத்துக் கட்டி ஆணி அடித்தாள். அவ்வப்போது கழற்றிச் சந்தில் உதறிவிட்டு மறுபடி அடிப்பாள். இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறைப்பட்டதில்லை. நானும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது எழுதுகிறேன்.

மூன்றாவது பிள்ளை வயிற்றில் வந்தது. எங்கே படுக்க வைப்பது? வேறு அறை கேட்டுப் போன இடத்திலெல்லாம் பிள்ளைக்குட்டிக்காரர்களுக்கு இல்லை என்றார்கள். அப்போதுதான் அரசாங்கம் புளோக்கு புளோக்காக வீடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும் என்று நான் இருந்துவிட்டேன். அவள்தான் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“ஆள் வந்து பாப்பாங்களாம். எத்தனை பேரு, எப்படி இருக்கோம்னு. பாத்துட்டுத்தான் வீடு” என்றாள்.

“என்னைக்கு?”

“அதைச் சொல்லல.”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதிகாரி என்று யார் வந்தாலும் அந்த வீட்டில் எல்லோரும் ஒளிந்துகொள்வோம். ஒரு வீட்டில் இத்தனை பேர் இருக்கக் கூடாது என்று சட்டம். சுகாதார ஆபீசிலிருந்து வருவார்கள், பலகைகளை உடைத்துவிட்டுப் போவார்கள். வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து எங்களுக்குப் பிரித்துவிட்டிருந்த வீட்டுக்காரம்மா இதற்கெல்லாம் ஏற்பாடு வைத்திருந்தார். கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் நாற்காலி போட்டு முடிவெட்டுகிறவர், சட்டைப் பையில் பேனா வைத்த ஆளைக் கண்டால் கிண்ணத்தைத் தட்டுவார். அவ்வளவுதான். பாய் சுருளும். கொடித் துணி இறங்கும். பெண்கள் பிள்ளைகளோடு பின்சந்து வழியாகத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் இடத்தில் விளக்குமாறும் தகரமும் சாய்த்து வைத்தால் சாமான் போடுகிற மூலை மாதிரி ஆகிவிடும்.

ஒருநாள் எனக்குக் கிடங்கில் மூட்டை சரிந்து கால் வீங்கிவிட்டது. பாயில் கிடந்தேன். என் சம்சாரம் பின்னால் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் சத்தம் கேட்டது.

எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. இராத்திரி வேலை முடிந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு துறைமுகத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பாயோடு சேர்த்து என்னைத் தூக்கினார்கள்.

“கனக்கிறாருடா மனுசன்.”

“மூட்டை தூக்குறவரை மூட்டையா தூக்குறோம்லா. சிரிக்காம புடி.”

என்னை அடுப்படியில் இறக்கினார்கள். பிள்ளைகளை யாரோ பின்சந்துக்கு ஓட்டினார்கள். ஒரு பீடி பற்ற வைக்கிற நேரத்தில் வீடு காலி.

வந்தவர் தமிழர்தான். இளம் வயது. வெள்ளைச் சட்டை. மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்தார். விளக்குமாறு இருந்தது.

“இங்க ஒரு குடும்பம் மனுப் போட்டிருக்கே. புருசன், சம்சாரம், ரெண்டு புள்ளைங்க.”

“அப்படி யாரும் இல்லையே தம்பி” என்றார் வீட்டுக்காரம்மா. “நானும் இந்த ரெண்டு பயலுவளும்தான்.”

அடுப்படியிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. வந்தது வீட்டு ஆபீஸ் ஆள் என்று அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தால் எல்லோருக்கும் ஆபத்து. திறக்காவிட்டால் எங்கள் வீடு போயிற்று. நான் திறக்கவில்லை.

அவர் திரும்பி வாசலுக்குப் போனார். ஈரக் கையோடு என் சம்சாரம் உள்ளே வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

“சார், நில்லுங்க. நீங்க உடைக்கிற ஆபீசா, குடுக்கிற ஆபீசா?”

அவர் சிரித்துவிட்டார். “குடுக்கிற ஆபீஸ்மா.”

“நீங்க பாக்கிறதை உடைக்கிறவங்ககிட்டப் போய்ச் சொல்லுவீங்களா?”

“அவங்க ஆபீஸ் எந்த மாடியில இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

வீட்டுக்காரம்மா இடையில் வந்து நின்றார். “ஏடி, அவரு சொன்னா ஆச்சா? அத்தனை பேரையும் ரோட்டுல நிறுத்திடாத.”

“அக்கா, மத்தவங்க வீட்டை நான் காட்டல. என் வீட்டை மட்டும் காட்டுறேன்.”

விளக்குமாற்றையும் தகரத்தையும் எடுத்து வெளியே வைத்தாள். அடுப்படிக்கு வந்தாள்.

“எந்திரிங்க” என்றாள் என்னிடம்.

“கால்…”

“ஒரு கால்ல வாங்க.”

ஒரு காலில் போனேன். பாயை விரித்தாள். பின்சந்தில் நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டாள். பட்டப்பகலில், ஒரு அதிகாரி முன்னால், எங்களைப் படுக்கச் சொன்னாள். சின்னவள் கடைசியில் ஊர்ந்து போய்ப் படுத்தாள். மூத்தவன் அடுத்து. நான் நடையில் காலை நீட்டினேன். மூத்தவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற இடைவெளி. அதில் அவள் கையை வைத்துக் காட்டினாள்.

“இது என் இடம் சார்.” பிறகு வயிற்றைக் காட்டினாள். “இதுக்கு இடம் எங்கன்னு நீங்க சொல்லுங்க.”

அவர் பேனாவை எடுத்தார். ரொம்ப நேரம் எழுதினார். எழுதி முடித்து, மாடியைப் பார்க்கட்டுமா என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டார். என் காலை எடுக்கப் போனேன். “இருக்கட்டும்ணே” என்று தாண்டிப் போனார். அவர் பின்னாலேயே படியேறின வீட்டுக்காரம்மா பாதியில் நின்றார்.

“தம்பி, என்னையும் எழுதுவியா? இந்த வீட்டுல எனக்கும் ஒரு பலகைதான் மறைவு.”

வீட்டுக்காரம்மா என்று நாங்கள் பயந்த அந்த மனுஷியும் எங்களைப் போலத்தான் ஒடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதுகிறேன் என்றார் அந்த அதிகாரி. ஆனால் தனியாளுக்குக் கிடைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். மறைக்கவில்லை.

எங்களுக்கு மெக்பர்சன் பக்கம் ஓர் அறை வீடு கிடைத்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே குடிபோனோம். தண்ணீர்க் குழாய் எங்களுக்கென்று தனியாக இருந்தது. என் சம்சாரம் அதைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அவள் அப்படி விளையாடி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரம்மாவுக்குக் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் உடைக்கிற ஆபீஸ்காரர்கள் வழக்கம்போல வந்தார்கள், வழக்கம்போல எல்லோரும் சுருட்டினார்கள் என்று கேள்வி. அந்த அதிகாரி சொல்லித்தான் வந்தார்கள் என்று யாரும் பேசவில்லை. தீபாவளிக்கு என் சம்சாரம் வீட்டுக்காரம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து இரண்டு நாள் வைத்திருந்தாள். கூடவே இருங்கள் என்றதற்கு, “நான் இங்க படுத்தா அங்க கிண்ணம் அடிச்சா யாருடி எழுப்புறது?” என்று கிளம்பிவிட்டார்.

பிறகு பழைய சந்திலிருந்து ஒரு பெண் எங்களைத் தேடி வந்தாள். அவர்களும் மனுப் போட்டிருந்தார்களாம். யாரைப் பார்த்தீர்கள், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

“யாரையும் பாக்கல. வந்தவரை எந்த ஆபீசுன்னு கேளு. குடுக்கிற ஆபீசுன்னா பாயை விரிச்சே வை” என்றாள் என் சம்சாரம்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அந்தப் பெண் நம்பவில்லை. ஏதோ பெரிய ஆளின் பெயரை நாங்கள் மறைப்பதாக நினைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். என் சம்சாரம் அரிசி களையப் போனவள், பாதியில் தண்ணீரை நிறுத்தினாள்.

“புள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கங்க. அவ நாளைக்கு அந்தக் கிண்ணச் சத்தம் கேட்டதும் பாயைச் சுருட்டிடுவா. நானே போய் அவ கூட உக்காந்துக்கிறேன்.”

ஒரு வாரம் பகல் நேரத்தில் பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டு ஆபீஸ் ஆள் வந்து, விரித்த பாயைப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகுதான் போவதை நிறுத்தினாள்.