ரேஞ்ச் பத்தாது, ஃபாதர்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த வீடியோ கேம் எனக்காக வாங்கியதில்லை. அத்தை தன் சம்பளத்தில் தனக்கென்றே வாங்கிக்கொண்டது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கல்யாண வயதில் இருக்கும் பெண், சிப்காட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவள், ஒரு ஜோடி கம்மல் எடுத்திருந்தால் வீட்டில் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளோ பெங்களூருக்குப் போய்விட்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கருவியோடு வந்து இறங்கினாள். அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டாவது கேக்குமா?" என்று கேட்டாள். கேட்கும் என்று அத்தை சொன்னதும் விஷயம் அதோடு முடிந்தது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. சொந்த ஊரான கல்லாவியில் தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அப்பாதான் அவளை டிப்ளமா படிக்கவைத்து, ஓசூருக்குக் கூட்டிவந்து, வேலையிலும் சேர்த்துவிட்டார். அந்த நன்றி அவளுக்கு அளவுக்கு மீறி இருந்தது. அப்பா எது சொன்னாலும் "சரிண்ணா" என்பாள். அப்பா நல்லவர்தான். ஆனால் கேள்வி கேட்கும்போதே பதிலையும் அவரே சொல்லிவிடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. எதிரே இருப்பவர் தலையாட்டினால் போதும்.

அத்தை அந்தக் கருவியில் விளையாடியது ஒரே ஒரு கேம். கத்தியும் வில்லும் மந்திரமும் உள்ள போர்க்கதை. ஓடிப்போய் மோதுகிற சண்டை இல்லை. தரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும், மேடு பள்ளம் இருக்கும். நம் ஆட்கள் நாலைந்து பேர், எதிரிகள் அதைவிடக் கூடுதல். அவரவர் முறை வரும்போதுதான் நகர முடியும். யாரை எந்தக் கட்டத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறோம் என்பதில்தான் வெற்றியும் தோல்வியும். அடிபட்டு விழுந்தவனின் தலைக்கு மேல் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் குறைந்துகொண்டே வரும். அதற்குள் யாராவது போய் அவனை எழுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் போனவன் போனவன்தான். எத்தனை மாதம் பாடுபட்டு வளர்த்த ஆளாக இருந்தாலும் திரும்ப வரமாட்டான். முதல் தடவை ஒரு வில்லாளி அப்படிப் போனபோது நான் அழுதேன். அத்தை அழவில்லை, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

உண்மையில் அது புது கேம் இல்லை. டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டிக்காகப் பல வருடம் முன்பே வந்தது. அதையே மெருகேற்றி, கையில் வைத்து விளையாடும்படி மறுபடி வெளியிட்டிருந்தார்கள். பழைய சுவருக்கு வெள்ளையடித்து விற்கிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. கதையின் முக்கியமான இடங்களில் பென்சிலால் வரைந்த மாதிரியான ஓவியங்கள் எழுந்து நடந்தன, வாய்திறந்து பேசின. வசனம் முழுவதையும் புதிதாக எழுதியிருந்தார்கள். பழையதில் இங்கிலீஷ் தப்பும் தவறுமாக இருக்குமாம். புதியதில் ராஜா காலத்து இங்கிலீஷ், எங்கள் டீச்சருக்கே பாதி புரிந்திருக்காது. அத்தை ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திப் படித்து எனக்குத் தமிழில் சொல்வாள். மந்திரம் போடும் நேரத்தில் மட்டும் படம் மேடேறுகிற லாரி மாதிரி இழுத்து இழுத்து நகரும். அது ஒன்றுதான் குறை. வளர்ந்த பிறகு நான் எத்தனையோ விளையாடிவிட்டேன். இவ்வளவு அக்கறையாக, இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் தெருவே இருண்டு கிடக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் ஒரு சின்ன வெளிச்சத்தில் போர் நடந்துகொண்டிருக்கும். கேமில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு 'ஜாப்' உண்டு. மந்திரவாதி, வாள்வீரன், மருந்து கொடுப்பவன் என்று. ஒரு ஜாப்பில் தேறினால்தான் அடுத்தது திறக்கும். புதுப் பதிப்பில் இரண்டு ஜாப் கூடுதல். ஒருநாள் அத்தை என்னிடம், "ஜாப் மாத்தீரலாம். இதுலயே இருந்தா இனிமே முன்னேற முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது அப்பா காதில் விழுந்துவிட்டது.

"பர்மனென்ட் ஆவப்போற நேரத்துல ஜாப் மாத்தறதாவது? எந்தக் கம்பெனிக்காரன் கூப்புட்டான்?" என்று இருட்டில் நின்று சத்தம் போட்டார். மந்திரவாதியாக இருந்த ஒருவனை வாள்வீரனாக்கப் போகிறாள், அவ்வளவுதான் என்று நான் அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

புதுப் பதிப்பின் பெரிய விசேஷத்தை இன்னும் சொல்லவில்லை. பழையதைத் தனியாளாகத்தான் விளையாட முடியும். இதில் இரண்டு பேர் இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு, நடுவில் ஒயர்கூட இல்லாமல், ஒரே போரில் சேர்ந்து இறங்கலாம். பக்கத்தில் பக்கத்தில் உட்காரவும் வேண்டாம். கூப்பிடு தூரத்துக்குள் இருந்தால் போதும்.

அத்தையோடு சேர்ந்து போருக்கு வந்தது அத்திபெலே பக்கத்து அண்ணன் ஒருவர். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கு வருகிறவர். அத்தை வேலை செய்யும் லைனுக்கு அடுத்த லைன். டிவிப் பெட்டியில் வந்த பழைய கேமைக் கரைத்துக் குடித்தவர். இந்தப் புதியதை அத்தைக்கு முதலில் காட்டியதே அவர்தான் என்று அத்தை சொல்லியிருக்கிறாள்.

எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முதலில் தமிழ்ப் பூசை, அரைமணி நேரம் விட்டுக் கன்னடப் பூசை. நாங்கள் தமிழ்ப் பூசைக்காரர்கள், அவர் கன்னடப் பூசைக்காரர். நடுவில் இருந்த அந்த அரைமணிதான் எங்கள் போர்க்களம். அப்பா கோயில் கமிட்டி ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பார். அம்மா கறிக்கடைக்குப் போய்விடுவாள். அத்தை, மாதா சொரூபம் வைத்த குகை மாதிரியான கெபிக்குப் பக்கத்தில், சொரூபத்தைப் பார்த்த பெஞ்சில் என்னை அணைத்துக்கொண்டு உட்காருவாள். அந்த அண்ணன் தூரத்தில் சைக்கிள் ஸ்டாண்டில், தன் பைக் மேல், பச்சை ஜெர்க்கின் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் தலையைத் தூக்க மாட்டார்கள். அவர்கள் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததே இல்லை. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் ஓடுவேன்.

"அடுத்த வாரத்துக்குள்ள அந்த வில்லாளி ரெடியாவானான்னு கேட்டுட்டு வா."

நான் போய்க் கேட்டால் அவர் நிமிராமலே, "ஆகல்லா. இன்னும் எரடு வாரம் பேக்கு அந்த ஹேளு" என்பார். அவர் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவது அப்படித்தான் இருக்கும். இன்னும் இரண்டு வாரம் வேண்டுமாம் என்று நான் திரும்ப வந்து சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த போரை என்னால் மறக்கவே முடியாது. அத்தையின் முக்கியமான ஆள் பாலத்துக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டான். தலைக்கு மேல் எண் ஒன்றுக்கு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அந்த அண்ணன் மேட்டின்மேல் நல்ல இடத்தில் இருந்தார். அங்கேயே இருந்திருந்தால் அவருடைய ஆட்கள் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது. அவர் இறங்கி வந்தார். வருகிற வழியில் இரண்டு பேரைப் பறிகொடுத்தார். கடைசி நொடியில் வந்து எங்கள் ஆளை எழுப்பிவிட்டார். நான் பெஞ்சில் ஏறி நின்று குதித்தேன். அத்தை குதிக்கவில்லை. கருவியை மடியில் வைத்துவிட்டு, முதல் தடவையாகத் தலையைத் தூக்கி சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அத்தே, உன் முறை" என்று நான்தான் அவள் தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

அந்த வருடக் கடைசியில் திருச்சி மாப்பிள்ளை வந்தார். அரசாங்க வேலை, ஒரே பையன், சொந்த வீடு. அப்பா அத்தையைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதம்தானே? சம்மதம்தான். இதைவிட நல்ல எடம் எங்க கெடைக்கும்?" என்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு "சரிண்ணா" என்றாள். ஃபாதரைப் பார்க்கப் போனபோதும் அவர் கேட்டதற்கெல்லாம் அப்பாவே முந்திக்கொண்டு பதில் சொன்னாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே முதல் ஓலையை வாசிப்பதென்று முடிவாயிற்று. எங்கள் ஆட்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இதற்கு ஏதாவது தடை இருப்பதாகத் தெரிந்தால் ஃபாதரிடம் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். நான் பார்த்து யாரும் எதையும் போய்ச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் ஓலைக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தை என் மறைக்கல்விப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. கல்யாணம் என்கிற தேவதிரவிய அனுமானத்தை, அதாவது திருச்சடங்கைப் பற்றிக் கேள்வி கேட்டாள்.

"தடை தெரிஞ்சும் ஒருத்தர் சொல்லாம இருந்தா என்ன?"

"பாவம்."

"பெரியவங்க மட்டும்தான் சொல்லணுமா?"

புத்தகத்தில் அப்படிப் போடவில்லை என்று சொன்னேன். "அதான். புதுநன்மை வாங்கினவங்க யார் வேணாலும் சொல்லலாம்" என்றாள். நான் போன வருடம்தான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியிருந்தேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு கேமைக் கையில் எடுத்தாள், ஆனால் ஆன் பண்ணவில்லை.

"இந்த கேமோட லிங்க் திருச்சிக்கு எட்டாது, தெரியுமா? நான் போயிட்டா அந்த அண்ணன் தனியாத்தான் மாட்டிக்குவாரு. வந்து எழுப்பிவிட ஆள் இருக்காது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைப் பற்றி யாருமே யோசிக்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அத்தை என் கன்னத்தைத் தட்டி, "அப்பாகிட்ட சொல்லீராத" என்றாள்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஃபாதரிடம் சொல்லக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்ததும் நான் நேராக, ஃபாதர் உடை மாற்றும் அறைக்குள் போய் நின்றேன். "ஃபாதர், எங்க அத்தை கல்யாணத்துக்கு ஒரு தடை இருக்குது" என்றேன்.

அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னம்மா தடை?"

"ரேஞ்ச் பத்தாது, ஃபாதர்."

"செல்போனுக்கா?"

"செல்போனுக்குன்னா டவர் இருக்கும். இது கெபியில இருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும்தான் எட்டும்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை ஜெர்க்கின், எண் குறைவது, பாலம், இரண்டு ஆட்களைப் பறிகொடுத்தது, அத்தை அவரை வெகுநேரம் பார்த்தது, ஒன்று விடவில்லை. முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த ஃபாதர் பாதியில் சிரிப்பதை விட்டுவிட்டார். "அத்தையக் கூட்டிட்டு வா. அத்தைய மட்டும்" என்றார்.

அத்தை உள்ளே போனாள். அப்பா வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு, சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கன்னடப் பூசை தாமதமாகத்தான் ஆரம்பித்தது. அத்தை கண்கள் சிவக்க வெளியே வந்தாள், ஆனால் தலை குனிந்திருக்கவில்லை. பின்னாலேயே வந்த ஃபாதர் அப்பாவின் தோளில் கையைப் போட்டு, "நான் கேட்டேன். பொண்ணு வேணாம்னு சொல்லுது. அடுத்த ஓலையை நான் வாசிக்க மாட்டேன்" என்றார். அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. திருச்சிக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று அப்பா தவித்தார். அம்மா என் தொடையில் கிள்ளிய தடம் வெகுநாள் இருந்தது. "ஓட்டவாய், ஓட்டவாய்" என்று போகும்போதும் வரும்போதும் திட்டினாள். அப்பா என்னை எதிரில் நிறுத்தி விசாரித்தார்.

"ரெண்டு பேரும் என்ன பேசிக்குவாங்க?"

"பேசவே மாட்டாங்கப்பா."

அவர் நம்பவில்லை. கோயில் வாட்ச்மேனைக் கேட்டார், பூக்கார அம்மாவைக் கேட்டார், கமிட்டி ஆட்களைச் சுற்றிவளைத்துக் கேட்டார். அந்தப் பையனும் உங்கள் தங்கையும் ஒரு வார்த்தை பேசி நாங்கள் பார்த்ததில்லை என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கோபப்படுவதற்கு அவருக்குக் கைப்பிடி எதுவும் கிடைக்கவில்லை. சில மாதம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, அந்த அண்ணன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்து நின்ற அன்று, "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். முதல் தடவையாகப் பதிலுக்குக் காத்திருந்தார்.

பாஸ்கா பண்டிகை முடிந்து இரண்டு பூசையிலும் ஓலை வாசித்தார்கள், தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. தடை இருந்தால் சொல்ல வேண்டும் என்று ஃபாதர் படித்ததும் முன்வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்று, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் கலவரத்தில் என்னை ஒரு வார்த்தை திட்டாதவள் அத்தை ஒருத்திதான். என் வாயால்தானே இவ்வளவு அவமானம் என்று அவள் கேட்கவில்லை. கிள்ளிய இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். கல்யாணமாகிப் போகும்போது கேமை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம், அதனால்தான் மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மறைக்கல்விப் புத்தகத்தைத் தொடாதவள் அந்தச் சனிக்கிழமை எதற்காக அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. ஃபாதரிடம் நானாகத்தான் போய்ச் சொன்னேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.