அடைக்காமல் விட்ட மடை

என் அண்ணனுக்குப் புத்தி சரியில்லை என்று முதலில் சொன்னவர் டாக்டர் இல்லை, ஒரு ஜெயில் வார்டர். நானும் அம்மாவும் மனுப் போட்டுப் பார்க்கப் போயிருந்தோம். உங்க ஆளு சோத்தைத் திங்காம சாக்கடையில அணை கட்டுறாரு, கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னத்தைச் சொல்வது?

அண்ணன் எங்கள் ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிறவன். திருவையாற்றுக்குக் கிழக்கே, வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது ஊர். மேலே இருக்கிறவர்கள் எடுத்ததுபோக மிச்சம்தான் எங்களுக்கு வரும். அதனால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். தன் முறை முடிந்தவன் மடையை அடைத்துவிட்டு, அடுத்தவனிடம் நேரில் போய், "எங்க முறை முடிஞ்சுது, மடைய அடைச்சாச்சு" என்று வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கரையை விட்டு நகரக் கூடாது. பசித்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி.

எங்களுக்குக் கையகல நிலம் கிடையாது. அவன் பாய்ச்சியதெல்லாம் மிராசுதார் வயலுக்கு. ஆனாலும் "நம்ம முறை" என்றுதான் சொல்வான். எனக்கு எரிச்சலாக வரும். உனக்கு எந்த ஊர்ல வயல் இருக்கு என்று கேலி செய்வேன். போ பாப்பா என்று சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

அந்த வருஷம் குறுவை அறுப்பில் கூலித் தகராறு வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கம் கேட்ட கூலி நெல்லைத் தர மாட்டேன் என்று மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். கைகலப்பில் அவருடைய வயல்களை மேற்பார்க்கும் காரியக்காரருக்கு மண்டை உடைந்தது. உடைத்தது யார் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அண்ணன் இல்லை. அவன் தள்ளி வேறொரு வயலில், தாளடி நடவுக்கு மடையைத் திறந்துவிட்டு நின்றிருந்தான். போலீஸ் வந்ததும் எல்லோரும் ஓடினார்கள். இவன் ஓடவில்லை. முறை முடியவில்லையே, எப்படி ஓடுவான்! கையில் மண்வெட்டி வேறு. ஆயுதத்தோடு பிடிபட்டான் என்று எழுத அதைவிட வசதியாக என்ன வேண்டும்? ஓடியவர்களையும் ஒவ்வொருவராகப் பிடித்து வந்தார்கள். இவனை வேனில் ஏற்றும்போது, மடை திறந்து கிடக்குது, யாராவது போய் அடைங்க என்று கத்திக்கொண்டே போனான். யாரும் போகவில்லை. ஏழைகளின் ஆட்சி என்று ஊர்ச் சுவர் முழுக்க எழுதியிருந்த காலம் அது.

ஜெயிலில் முதல் தடவை பார்த்தபோதே அவன் வக்கீலைப் பற்றிக் கேட்கவில்லை, ஜாமீனைப் பற்றிக் கேட்கவில்லை. மடையை அடைத்தது யார் என்றுதான் கேட்டான். அதெல்லாம் பார்த்துக்குவாங்கப்பா என்றாள் அம்மா. அது அவனுக்குப் போதவில்லை. அடைத்தவன் வந்து சொல்லவில்லையே என்று முனகினான். அடுத்தடுத்துப் போனபோது ஆள் இளைத்துக்கொண்டே வந்தான். கொட்டடிக்கு வெளியே, குளிக்கிற தொட்டித் தண்ணீர் ஓடும் சாக்கடை. தட்டுச் சோற்றை மண் மாதிரி அணைத்து, கம்பளியைச் சுருட்டி வைத்து, அதை அடைத்திருக்கிறான். வராந்தா முழுக்கத் தண்ணீர். அடித்தார்கள். மறுநாளும் அடைத்தான். தனிக் கொட்டடியில் போட்டார்கள். அங்கே சாக்கடை இல்லை, அதனால் குடிக்கிற தண்ணீரைத் தரையில் ஊற்றி அடைத்தான்.

கடைசியில் டாக்டர் பார்த்து, மனநிலை சரியில்லை என்று எழுதினார். அம்மா அன்று சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். சுகமில்லாத பிள்ளையை ஜெயிலில் வைத்திருக்க மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். வக்கீல்தான் தலையைச் சொறிந்துகொண்டே விளக்கினார்.

"அவரு கேஸத் தனியாப் பிரிச்சுட்டாங்கம்மா. அவரு தெளிஞ்சாத்தான் விசாரணை நடக்கும். அதுவரைக்கும் உள்ளதான்."

"தெளிய வைக்கிறது யாருங்க?" என்றாள் அம்மா.

மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். அழைத்துப்போக போலீஸ் வேண்டும். போலீஸோ மந்திரி வருகைக்குப் போயிருக்கும், தேர்தலுக்குப் போயிருக்கும், திருவிழாவுக்குப் போயிருக்கும். அனுப்பவே இல்லை. ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தூங்குவான், விழித்தால் மடையைக் கேட்பான். வைத்தியம் என்று நடந்தது அவ்வளவுதான்.

பிறகு ஆட்சி மாறியது. விவசாயத் தொழிலாளர் மேல் போட்ட வழக்குகளை வாபஸ் வாங்கினார்கள். மண்டையை உடைத்தவன் உட்பட எல்லோரும் மாலையோடு தெருவுக்குள் வந்தார்கள். வேட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வேலியோரம் நின்றாள். அண்ணன் கேஸ் தனி நம்பர். வாபஸ் ஆனது பழைய நம்பர்.

ஜெயிலுக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். நல்ல மனுஷர், எங்களை உட்காரச் சொல்லிப் பேசிய ஒரே ஆள் அவர்தான். ஜட்ஜ் கேட்கிற கேள்விக்குப் புரிந்து பதில் சொன்னால் போதும், நான் எழுதித் தருகிறேன், கேஸ் நிற்காது என்றார். இந்த மடைப் பேச்சை மட்டும் விட்டால் தேறிவிடுவான் என்று எங்களுக்கும் தோன்றியது. அம்மாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மடை மேல் இருக்கிறவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதானே, அதை யாரும் சொல்லவில்லையே என்றாள். அடுத்த மனுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயலுக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரியே சொன்னாள்.

"நம்ம முறை முடிஞ்சுதுப்பா. நாந்தான் மடைய அடைச்சேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அண்ணன் அவளை வெகுநேரம் பார்த்தான். தோள் இறங்கியது. சரி என்று தலையாட்டினான். அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு அவன் சாக்கடையை அடைக்கவில்லை. சோற்றை வீணாக்கவில்லை. அடிதடி இல்லை. ரொம்ப நல்லாயிட்டாரு என்றார் அதே வார்டர். ஆனால் பேச்சும் நின்றுவிட்டது. கரையில் வேலை முடித்தவன் உட்காருகிற மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன்தான். கோர்ட்டில் ஜட்ஜ் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், உன் மேல் என்ன குற்றம் என்று தெரியுமா என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். தெளியவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பைத்தியமாக இருந்தபோதாவது அவனுக்கு ஒரு வேலை இருந்தது.

அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்போது நான் படித்து டீச்சராகியிருந்தேன். சேதி சொல்ல நான்தான் போனேன். சொன்னேன், முகத்தில் ஒன்றும் அசையவில்லை. எனக்குத் தாங்கவில்லை. அம்மா அடைத்ததை நானாவது திறந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. கத்தட்டும், சாக்கடையை அடைக்கட்டும், அடிகூட வாங்கட்டும், ஒரு வார்த்தை பேசினால் போதும்.

"அண்ணே, ஆத்துல தண்ணி வந்துடுச்சு. வாய்க்கால் நெறஞ்சு போகுது. மடையத் திறக்க ஆளில்ல, நீதான் வரணும்."

அண்ணன் மெல்லத் தலையைத் தூக்கினான். என்னை அடையாளம் தெரிந்தது. அந்தப் பழைய சிரிப்புகூட ஓரத்தில் வந்தது.

"நம்ம முறைதான் முடிஞ்சுபோச்சே பாப்பா," என்றான். "அம்மா வந்து சொன்னாங்கல்ல."